வயித்துக்குள்ள ஓட்டை விழுந்தா: வீட்டுல இருக்கிறவங்க என்ன பார்க்கணும், டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்

ராத்திரி 2 மணிக்கு பிறையிலருந்து அண்ணி போன் பண்ணாங்க. அண்ணனுக்கு தூக்கத்துல திடீர்னு வயித்துல கத்தியால குத்துன மாதிரி வலி, சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிடுச்சு, எந்திரிக்கவே முடியலன்னு சொன்னாங்க. அண்ணன் லோரி ஓட்டுறவரு, முட்டி வலிக்குதுன்னு ரெண்டு மாசமா போன்ஸ்டான் வாங்கி முழுங்கிட்டு இருந்தாரு, அதுவும் பாதி நாள் வெறும் வயித்துல ஒரு கோப்பியோட. நான் 22 வருஷம் சர்ஜிக்கல் வார்டுல மிசியா, அதான் நர்ஸா, வேலை பார்த்தவ. அப்படி இருந்தும் அந்த நேரத்துல நான் சொன்னது என்னன்னா, "கேஸ்ட்ரிக்கா இருக்கும் அண்ணி, மருந்து குடுங்க, காலையில கிளினிக் கூட்டிட்டுப் போங்க."

காலையில வலி பாதி குறைஞ்சிடுச்சு. அண்ணன் எந்திரிச்சு உக்காந்து மிலோ குடிச்சாரு, பிள்ளைங்களோட பேசுனாரு, சரியாப் போச்சுன்னு எல்லாரும் நிம்மதியாயிட்டாங்க. சாயங்காலம் 5 மணிக்கு வயிறு உப்பிப்போய் பலகை மாதிரி இறுகிடுச்சு, கை கால் சில்லுனு ஆயிடுச்சு, காலையிலருந்து ஒண்ணுக்கே போகலன்னு அப்பதான் அண்ணி கவனிச்சாங்க. அல்சர் ஓட்டை விழுந்து 15 மணி நேரம் ஆயிருந்துச்சு. அண்ணன் பிழைச்சிட்டாரு, ஆனா 9 நாள் ஐசியு, மொத்தம் 5 வாரம் ஆஸ்பத்திரி. அன்னிக்கு ராத்திரியே கொண்டு போயிருந்தா இதுல பாதியாவது மிச்சமாயிருக்கும்னு நான் இன்னும் நினைக்கிறேன், அதனாலதான் உக்காந்து இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

டாக்டருங்க இதுக்கு சொல்ற பேரு செகண்டரி பெரிட்டோனைட்டிஸ். நம்ம வயித்தறைக்குள்ள குடல், இரைப்பை எல்லாத்தையும் சுத்தி மெல்லிசா, வழவழன்னு ஒரு சவ்வு இருக்கு, அதுக்குப் பேரு பெரிட்டோனியம். கண்ணுக்கு சின்னதா தெரிஞ்சாலும் அதை விரிச்சுப் போட்டா கிட்டத்தட்ட நம்ம உடம்புத் தோல் அளவுக்கு வரும். அவ்வளவு பெரிய இடத்துல இரைப்பை அமிலமோ, பித்தநீரோ, மலமோ கசிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. தோல் பூரா தீக்காயம் பட்டா தண்ணி எப்படி உடம்பை விட்டுப் போகுமோ அதே மாதிரி லிட்டர் கணக்குல தண்ணி ரத்தத்துலருந்து வயித்துக்குள்ள இறங்கிடும், இன்னொரு பக்கம் கிருமியும் அதோட விஷமும் ரத்தத்துக்குள்ள ஏறிடும், அதனாலதான் பிரஷர் இறங்குறது, கிட்னி நிக்கிறது, மூச்சு வாங்குறது எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு வருது.

செகண்டரின்னு ஏன் சொல்றாங்கன்னா இன்னொரு உறுப்பு கெட்டுப்போனதால வர்றது. லிவர் கெட்டு வயித்துல நீர் கோத்தவங்களுக்கு ஓட்டை எதுவும் இல்லாமலே அந்த நீர்ல கிருமி வரும், அது பிரைமரி, அதுக்குப் பெரும்பாலும் மருந்துதான். அதே மாதிரி வீட்டுல தண்ணி பை மாத்தி டயாலிசிஸ் பண்றவங்க இருந்தா, அந்தப் பையில வர்ற தண்ணி கலங்கலா இருந்துச்சுன்னா அதுவும் பெரிட்டோனைட்டிஸ்தான், ஆனா வழி வேற, பையைத் தூக்கிப் போடாம கையில எடுத்துக்கிட்டு அன்னைக்கே உங்க டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போயிடுங்க. இங்க நான் பேசப்போறது ஓட்டை விழுந்து வர்றதைப் பத்தி.

எங்கருந்து வருது

அதிகமா பார்த்தது அப்பெண்டிக்ஸ் வெடிச்சு வர்றவங்கதான், சின்னப் பசங்கள்லருந்து பெரியவங்க வரைக்கும். அடுத்தது அண்ணனுக்கு வந்த மாதிரி இரைப்பையிலயோ அதுக்கு அடுத்த முன்குடல்லயோ இருக்கிற அல்சர் ஓட்டையாகுறது. அல்சருக்கு ரெண்டு பெரிய காரணம். ஒண்ணு ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற கிருமி. அல்சருக்கும் இரைப்பை அழற்சிக்கும் இந்தக் கிருமிதான் காரணம்னு கண்டுபிடிச்சதுக்காகத்தான் ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல நோபல் பரிசு குடுத்தாங்க. மலேசியாவுல பண்ண ஆய்வுகள்ல மலாய்க்காரங்களை விட இந்தியர்கள்கிட்ட இந்தக் கிருமி ரொம்ப அதிகமா இருக்கிறது திரும்பத் திரும்பத் தெரிஞ்சிருக்கு, அதனால "எனக்கு எப்பவும் கேஸ்ட்ரிக்"னு சொல்ற நம்மாளுங்க ஒரு தடவையாவது டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும். ரெண்டாவது காரணம் வலி மாத்திரை. போன்ஸ்டான், வோல்டரன், புரூஃபன், ஆர்க்கோக்ஸியா எல்லாம் இந்த வகைதான். பனடோல் இந்த வகை இல்ல.

ஜாமு (மலாய் நாட்டு மருந்து), மூலிகைன்னு பாசார் மாலாம்லயும் (ராத்திரிச் சந்தை) தெரிஞ்சவங்க மூலமாவும் விக்கிற முட்டி வலி மருந்து இருக்கு பாருங்க, ரெண்டே நாள்ல வலி பறந்திடும்னு சொல்வாங்க, அந்த மாதிரி பொருள்ல டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்திருக்கிறதை நம்ம சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடிச்சு எச்சரிக்கை விட்டிருக்கு. ஸ்டீராய்டு குடல் புண் ஆறுறதைத் தடுக்கும், அதைவிட மோசம், ஓட்டை விழுந்தாக்கூட வலியும் காய்ச்சலும் பெருசா வெளிய தெரியாம மூடி வச்சிடும்.

மத்த காரணத்தையும் சொல்லிடுறேன். பெருங்குடல்ல சின்னச் சின்னப் பை மாதிரி வந்து அது வெடிக்கிறது, பெருங்குடல் கேன்சர் அடைச்சு வெடிக்கிறது, குடல் முறுக்கிக்கிறதோ ரத்த ஓட்டம் நின்னு அழுகுறதோ, பித்தப்பை வெடிக்கிறது, டைபாய்டு முத்திப்போய் மூணாவது வாரம் வாக்குல சிறுகுடல்ல ஓட்டை போடுறது, அக்சிடென்ட்ல ஸ்டியரிங்கோ மோட்டார் ஹேண்டில்பாரோ வயித்துல அடிச்சு குடல் கிழியுறது. மீன்முள் முழுங்கி குடலைக் குத்தி வந்தவங்களையும் பார்த்திருக்கேன், பல்செட் போட்டவங்களுக்கு முள் வாயில இருக்கிறது தெரியாது, மீன் கறி சாப்பிடும்போது பார்த்து சாப்பிடச் சொல்லுங்க.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே வர்றதும் உண்டு. குடலை வெட்டித் தைச்ச இடத்துல தையல் கசிஞ்சா அதுவும் செகண்டரி பெரிட்டோனைட்டிஸ்தான். இதைப் பத்தி கீழ தனியா சொல்றேன், ஏன்னா அதை முதல்ல கவனிக்கிறது பல நேரம் பக்கத்துல உக்காந்திருக்கிற குடும்பத்துக்காரங்கதான்.

வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கிறது

வலி எவ்வளவுன்னு கேக்காதீங்க, ஆளு எப்படிப் படுத்திருக்காருன்னு பாருங்க. கிட்னி கல்லுன்னா ஒரு இடத்துல இருக்க முடியாது, உருளுவாங்க, நடப்பாங்க, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. பெரிட்டோனைட்டிஸ் வந்தவங்க அசைய மாட்டாங்க. முட்டியை மடக்கி வச்சுக்கிட்டு, மூச்சைக்கூட மேலால மேலால சின்னச் சின்னதா விட்டுக்கிட்டு, யாராவது கட்டில் ஓரத்துல வந்து உக்காந்தாலே முகத்தைச் சுளிப்பாங்க. வார்டுல நான் சாப்பாட்டு டிராலியைத் தள்ளிட்டுப் போகும்போது சக்கரம் கட்டில்ல லேசா இடிச்சதுக்கே ஒரு பையன் "அம்மா"ன்னு கத்துனான், மறுநாள் வார்டு டாக்டர் எங்களுக்கு அதைத்தான் பாடமா சொன்னாரு.

இருமச் சொல்லிப் பாருங்க, இருமும்போது ஒரு குறிப்பிட்ட இடத்துல சுருக்குனு வலிச்சா அது அடையாளம். காடியில போகும்போது ரோட்டு பம்ப் மேல ஏறி இறங்குறப்போ வலி கூடுதான்னு கேளுங்க. இங்கிலாந்துல இதை நிஜமாவே ஆய்வு பண்ணி 2012-ல போட்டாங்க, அப்பெண்டிக்ஸ்னு உறுதியான 34 பேர்ல 33 பேருக்கு பம்ப் மேல போகும்போது வலி கூடியிருந்துச்சு. ஆனா பம்ப்ல வலிச்ச எல்லாருக்கும் அப்பெண்டிக்ஸ் இல்ல, அதனால வலிக்கலன்னா கொஞ்சம் ஆறுதல், வலிச்சா போய்ப் பாக்கணும், அவ்வளவுதான்.

கூடவே காய்ச்சல், வாந்தி, நாடி வேகமா ஓடுறது, வயிறு உப்புறது, காத்து பிரியாம நிக்கிறது, ஒண்ணுக்கு குறையுறது, தோள்பட்டையில காரணமில்லாம வலி, இதெல்லாம் வரும். தோள்பட்டை வலி எதுக்குன்னா கசிஞ்சது மேல போய் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசையை, அதான் உதரவிதானத்தை, தொடுறதால, அதை வாயுன்னு நினைச்சு மின்யாக் தேய்ச்சுக்கிட்டே உக்காந்திருக்கவங்க நிறைய.

இப்ப நான் மேல சொன்ன அந்தக் காலை நேரம். அல்சர் ஓட்டையாகும்போது முதல்ல அமிலம் பட்டு பயங்கரமா எரியும், கொஞ்ச நேரம் கழிச்சு உடம்பு தண்ணியைச் சுரந்து அந்த அமிலத்தை நீர்த்துப்போகச் செஞ்சிடும், வலி குறையும், சில மணி நேரம் ஆளு நல்லாயிட்ட மாதிரியே இருப்பாரு. உள்ளுக்குள்ள கிருமி பெருகுறது அந்த நேரத்துலதான். அப்பெண்டிக்ஸ்லயும் இப்படித்தான், வீங்கி இறுகி இருந்தது வெடிச்சதும் ஒரு நிம்மதி வரும், அப்புறம் வயிறு பூரா பரவும். அதனால ராத்திரி அப்படி ஒரு வலி வந்து காலையில தானா குறைஞ்சிருந்தா கிளினிக்குக்குக்கூட வேணாம், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. இதை மட்டும் அன்னிக்கு நான் ஞாபகத்துல வச்சிருந்தேன்னா போதும்.

வயசானவங்க, சர்க்கரை வியாதிக்காரங்க, ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க, கேன்சர் மருந்து ஏத்திக்கிறவங்க, இவங்களுக்கு வயிறு பலகை மாதிரி இறுகாமலேயே போகலாம், காய்ச்சலும் வராம போகலாம். பாட்டி நேத்துலருந்து சாப்பிடல, பேச்சு கொஞ்சம் குழப்பமா இருக்கு, வயிறு லேசா உப்பியிருக்கு, சுகர் மட்டும் ஏறிக்கிட்டே போகுதுன்னா அதுவே போதுமான காரணம்.

கிளம்புறதுக்கு முன்னாடி

வாய்வழியா எதுவும் குடுக்காதீங்க. கஞ்சி, மிலோ, ஹண்ட்ரட் பிளஸ், வெந்நீர், எதுவுமே. ஓட்டை வழியா அதெல்லாம் வயித்தறைக்குள்ளதான் போகும், மயக்க மருந்து குடுக்கும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போற ஆபத்தும் இருக்கு. வாய் காஞ்சா உதட்டைத் துணியால நனைச்சு விடுங்க. பேதி மருந்து வேணாம். குடல் ஏறிடுச்சு, குடலைத் தட்டி விடணும்னு உருவுறவங்ககிட்ட தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போகாதீங்க, மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் பெரியவங்ககிட்ட இதை அழுத்தமா சொல்லணும். வலி மாத்திரை போட்டுப் போட்டு வீட்டுலேயே நேரத்தைக் கடத்தவும் வேணாம். ஆஸ்பத்திரி போனதும் அவங்களே நல்ல வலி மருந்து குடுப்பாங்க, அதனால நோயைக் கண்டுபிடிக்கிறது கெட்டுப்போகாது.

ஆளு தலை சுத்தி விழுறாருன்னாலோ, கை கால் சில்லுனு இருந்தாலோ 999-க்கு போன் பண்ணுங்க. மத்தபடி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. செபராங் பிறை பக்கம்னா செபராங் ஜெயா ஆஸ்பத்திரி, பினாங்கு தீவுல ஜாலான் ரெசிடென்சியில இருக்கிற நம்ம பெரிய ஆஸ்பத்திரி. தனியார்லதான் பார்க்கணும்னு நினைக்கிறவங்க முன்பணம், ஐசியு செலவு எல்லாம் வீட்டுலேயே யோசிச்சு முடிவு பண்ணிடுங்க, பாதியில காசு பத்தலன்னு ஆளை அங்கருந்து இங்க மாத்துறதுல போற நேரம் திரும்ப வராது.

எடுத்துட்டுப் போக வேண்டியது: ஐசி, சாப்பிடுற எல்லா மருந்தும் அந்தப் பையோடவே, சர்க்கரை புக்கு, அந்த ஜாமு பாட்டிலும் சேர்த்து. கோவிச்சுக்குவாங்களோன்னு மறைக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மருந்து சாப்பிடுறவங்களா இருந்தா முதல்லயே சொல்லணும். யாரை முதல்ல பார்க்கணும்னு பிரிக்கிற டிரையாஜ் கவுண்டர்ல "வயித்து வலி"ன்னு மட்டும் சொன்னா அவசரம் இல்லாதவங்களுக்கான பச்சை வரிசையில உக்கார வைக்கிறதுக்கு வாய்ப்பிருக்கு, அது அவங்க தப்பு இல்ல, வயித்து வலின்னு அன்னிக்கு அம்பது பேரு வந்திருப்பாங்க. "ராத்திரி 2 மணிக்கு திடீர்னு ஆரம்பிச்சது, அசைய முடியல, இருமினா வலிக்குது, வலி மாத்திரை ரெண்டு மாசமா சாப்பிடுறாரு, காலையிலருந்து ஒண்ணுக்குப் போகல"ன்னு இதே வரிசையில சொல்லுங்க. உக்காந்திருக்கும்போது மோசமானா திரும்ப எந்திரிச்சுப் போய் சொல்லுங்க, மரியாதையா ஆனா விடாம.

உள்ள என்ன நடக்கும்

ரத்தம் எடுப்பாங்க, அதுல வெள்ளை அணு, கிட்னி, லேக்டேட் பார்ப்பாங்க. லேக்டேட் ஏறியிருந்தா உடம்புக்குள்ள ரத்த ஓட்டம் பத்தலன்னு அர்த்தம். நிக்க வச்சு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க, வயித்து வலிக்கு எதுக்கு நெஞ்சு எக்ஸ்ரேன்னு அண்ணி கேட்டாங்க, உதரவிதானத்துக்குக் கீழ கறுப்பா பிறை மாதிரி காத்து தெரிஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். எக்ஸ்ரேல காத்து தெரியலன்னா ஓட்டை இல்லன்னு சொல்ல முடியாது, அதனால சந்தேகம் இருந்தா சிடி ஸ்கேன் எடுப்பாங்க. ஆனா பிரஷர் இறங்கி வயிறு பலகையா இருந்தா ஸ்கேனுக்குக் காத்திருக்காம நேரா ஆப்பரேஷனுக்கும் போவாங்க.

மூக்கு வழியா குழாய், ஒண்ணுக்குக் குழாய், ரெண்டு கையிலயும் டிரிப், ஆண்டிபயாட்டிக் ஊசி, கட்டில் தலைமாட்டுல "புவாசா"ன்னு போர்டு, வாய்வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். இதெல்லாம் சடசடன்னு நடக்கும்போது குடும்பத்துக்காரங்க பயந்துடுறாங்க. ஒண்ணுக்குக் குழாய் ஆளு எந்திரிக்க முடியலன்னு மட்டும் போடுறது இல்ல, மணிக்கு எவ்வளவு வருதுன்னு அளந்து பார்க்கிறதுக்கு, கிட்னிக்கு ரத்தம் போகுதான்னு சொல்ற மீட்டர் அதுதான்.

ஆனா ஓட்டையை அடைக்காம மருந்து மட்டும் ஏத்துனா பிரயோஜனம் இல்ல, குழாய் உடைஞ்சிருக்க தரையைத் துடைக்கிற கதைதான். அல்சர்னா ஓட்டை மேல வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்புத் திரையை இழுத்து வச்சுத் தைப்பாங்க, ரோஸ்கோ கிரஹாம்ங்கிற கனடா டாக்டர் 1937-ல எழுதுன முறை, இன்னைக்கும் அதுதான். அப்பெண்டிக்ஸ்னா எடுத்துடுவாங்க. குடல் அழுகியிருந்தா அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, நிலைமையைப் பொறுத்து ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்பாங்க, இல்ல ஒரு முனையை வயித்துல வெளிய கொண்டு வந்து பை மாட்டுவாங்க. அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியை லிட்டர் லிட்டரா ஊத்தி கழுவுவாங்க. சில பேருக்கு, வீங்குன அப்பெண்டிக்ஸ் சுத்தி சீழ் ஒரே இடத்துல கட்டி நின்னிருந்தா, ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசி வழியா டியூப் விட்டு வடிச்சிடலாம், வயித்தைத் திறக்க வேண்டியதில்ல.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: எங்க ஓட்டைன்னு நினைக்கிறீங்க, கீறி பண்றீங்களா இல்ல கேமரா வச்சா, பை மாட்ட வேண்டி வருமா, ஐசியுல இடம் இருக்கா, எத்தனை மணிக்குள்ள உள்ள எடுப்பீங்க. பை மாட்டுறதைப் பத்தி முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பேஷண்டு கண்ணு முழிச்சு வயித்தைப் பார்த்து உடைஞ்சு போகாம இருப்பாரு. அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். உயிரைக் காப்பாத்த வச்ச பை அது, நிறைய பேருக்கு மூணு மாசமோ ஆறு மாசமோ கழிச்சு திரும்ப உள்ள சேர்த்துடலாம், சில பேருக்கு முடியாமலும் போகலாம், ரெண்டையும் உண்மையா சொல்லிடணும்.

பிழைப்பாரா?

எல்லாரும் கேக்கிற கேள்வி, டாக்டர் நேரா பதில் சொல்ல முடியாத கேள்வி. 2014 அக்டோபர்லருந்து 2015 பிப்ரவரி வரைக்கும் 54 நாட்டுல 132 ஆஸ்பத்திரியில, வயித்துக்குள்ள தொற்று முத்திப்போன 4,553 பேரைக் கணக்கெடுத்தாங்க. மொத்தத்துல இறந்தவங்க 9.2 சதவீதம். ஆனா அந்த ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டு பயப்படவும் கூடாது நிம்மதியாவும் கூடாது, ஏன்னா அதே ஆய்வுல வயசு, வந்தப்போ இருந்த நிலைமை, எங்க ஓட்டை, எவ்வளவு லேட்டு இதையெல்லாம் வச்சு மார்க் போட்டுப் பார்த்தா, குறைஞ்ச மார்க்குக்காரங்கள்ல இறந்தது நூத்துல ஒருத்தர்கூட இல்ல, நடுவுல 6.3 சதவீதம், அதிக மார்க்குக்காரங்கள்ல 41.7 சதவீதம். ஒரே பேரு உள்ள நோய், ஆனா 20 வயசுப் பையனோட அப்பெண்டிக்ஸும் 75 வயசு அம்மாவோட வெடிச்ச பெருங்குடலும் ஒண்ணு கிடையாது.

டாக்டருங்க மன்ஹைம் ஸ்கோர்னும் ஒண்ணு பார்ப்பாங்க, அதுல 50 வயசுக்கு மேல, உறுப்பு செயலிழப்பு, கேன்சர், 24 மணி நேரத்துக்கு மேல ஆனது, வயிறு பூரா பரவுனது, இதுக்கெல்லாம் மார்க் உண்டு, உள்ள இருந்தது மலமா இருந்தா மட்டும் 12 மார்க், அதுதான் அதுலேயே பெரிய மார்க். அல்சர் ஓட்டைக்கு 1987-ல ஹாங்காங் டாக்டருங்க சொன்ன மூணு விஷயம்: ஏற்கனவே பெரிய நோய் இருக்கா, ஆப்பரேஷனுக்கு முன்னாடியே பிரஷர் இறங்கி ஷாக்ல இருந்தாரா, ஓட்டை விழுந்து 24 மணி நேரம் தாண்டிடுச்சா. இந்த லிஸ்ட்ல வயசையும் பழைய நோயையும் நம்மளால மாத்த முடியாது. நம்ம கையில இருக்கிறது நேரம் மட்டும்தான். டென்மார்க்ல அல்சர் ஓட்டைக்கு ஆப்பரேஷன் ஆன 2,668 பேரைப் பார்த்து 2013-ல போட்ட ஆய்வுல, ஆஸ்பத்திரிக்கு வந்ததுக்கு அப்புறம் ஆப்பரேஷன் ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகும்போதும் பிழைக்கிற வாய்ப்பு 2.4 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. இதைப் படிச்சப்போ அண்ணன் மிலோ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த அந்தப் பகல் பூராவும் எனக்கு மணி மணியா கண்ணு முன்னால ஓடுச்சு.

ஆப்பரேஷன் முடிஞ்சப்புறம்

ஐசியுல மூச்சு மெஷின், பிரஷர் ஏத்துற மருந்து, தேவைன்னா கொஞ்ச நாளைக்கு டயாலிசிஸ். சில சமயம் வயித்தைத் தைக்காம திறந்தே வச்சு, மேல பிளாஸ்டிக் ஒட்டி உறிஞ்சுற மெஷின் மாட்டியிருப்பாங்க, பார்க்கவே பயமா இருக்கும், உள்ள வீக்கம் வத்துற வரைக்கும் அது தேவை. திரும்ப ஒரு தடவை உள்ள பார்க்கணும்னு சொன்னா முதல் ஆப்பரேஷன் சொதப்பிடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறதா, இல்ல மோசமானா மட்டும் திறக்கிறதான்னு நெதர்லாந்து பக்கம் 232 பேரை வச்சு 2007-ல பார்த்தாங்க, பிழைக்கிறதுல பெரிய வித்தியாசம் இல்ல, அதனால இப்ப பெரும்பாலும் பார்த்துக்கிட்டே இருந்து தேவைப்பட்டாதான் திறக்கிறாங்க.

ஆண்டிபயாட்டிக்கை நாலே நாள்ல நிறுத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போறவங்க உண்டு. ஓட்டையை நல்லா சரி பண்ணி முடிச்சுட்டா 4 நாள் குடுத்தாலும், காய்ச்சல் எல்லாம் சரியாகி 2 நாள் வரைக்கும் நீட்டிக் குடுத்தாலும் முடிவு ஒண்ணுதான்னு 2015-ல வந்த 518 பேர் ஆய்வு காட்டுச்சு, அதனால சிலருக்கு அதுதான் சரியான அளவு. கேக்க வேண்டிய கேள்வி வேற: "உள்ள இருந்தது முழுசா சுத்தம் பண்ண முடிஞ்சுதா?"

இப்ப தையல் கசிவு. குடலைச் சேர்த்துத் தைச்சவங்களுக்கு பெரும்பாலும் அஞ்சாவது நாள்லருந்து ஏழாவது நாள் வாக்குல வரும், முன்ன பின்னயும் ஆகலாம். நல்லா தேறிக்கிட்டு வந்தவரு திடீர்னு சாப்பாடு வேணாங்கிறாரு, வயிறு திரும்ப உப்புது, நாடி 110, 120னு ஓடுது, காய்ச்சல், வயித்துக்குள்ள விட்ட குழாய் வழியா வடியுற டிரெயின் பாட்டில்ல இளஞ்சிவப்பா தெளிவா வந்தது பச்சையாவோ பழுப்பாவோ நாத்தமாவோ மாறுது, அப்பா உங்களையே யாருன்னு கேக்கிறாரு. இதுல எது வந்தாலும் மிசிகிட்ட உடனே சொல்லுங்க, மிசி பிசியா இருந்தாலும் சொல்லுங்க. நானே அந்தப் பக்கம் இருந்தவதான், எட்டு மணி நேர ஷிஃப்ட்ல ஒரு பேஷண்டை நாங்க பார்க்கிறது கொஞ்ச நேரம், நீங்க பார்க்கிறது நாள் பூரா, "நேத்து மாதிரி இல்ல இவரு"ன்னு நீங்க சொல்ற ஒரு வார்த்தைக்கு நல்ல டாக்டருங்க ரொம்ப மதிப்பு குடுப்பாங்க.

மூணு பந்து வச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுப்பாங்க, மூச்சுப் பயிற்சிக்கு. பத்துல எட்டு பேர் அதை ஊதுவாங்க. ஊதக் கூடாது, குழாயை வாயில வச்சு உள்ள இழுக்கணும், பந்து மேல ஏறி நிக்கணும், முழிச்சிருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. இருமும்போது தலகாணியை மடிச்சு காயத்து மேல அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. நிமோனியா வராம இருக்க இதுதான் கை மருந்து. கட்டிலை விட்டு இறங்கி நடக்கச் சொன்னா நடக்கணும், பாவம்னு படுக்க வைக்காதீங்க, படுத்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டும்.

சாப்பாடு ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொன்னதும் நம்ம வீட்டுல பத்தியம் ஆரம்பிச்சிடும். முட்டை குடுத்தா சீழ் பிடிக்கும், கோழி சூடு, மீன் அரிப்புன்னு சொல்லி வெறும் கஞ்சியிலேயே ஒரு மாசம் ஓட்டுவாங்க. காயம் ஆறுறதுக்குப் புரதம்தான் வேணும். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் எல்லாம் குடுங்க. நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற ஹாருவான், அதான் விரால் மீன் சூப்பு, தாராளமா குடுங்க, அதுவும் புரதம்தான், ஆனா அதை மட்டும் நம்பி மத்ததை நிறுத்தாதீங்க. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க மட்டும் அளவை டயட்டீசியன்கிட்ட கேட்டுக்கங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்

வயித்துத் தசை சேர்றதுக்கு ஆறு வாரம், கீறி பண்ணவங்களுக்கு அதுக்கு மேலயும் ஆகலாம், அதுவரைக்கும் கனம் தூக்கக் கூடாது. கேஸ் தோங்கு 14 கிலோ கேஸ், காலி தோங்கோட கனம் வேற, அதை நகர்த்துறதே தப்பு. பேரப்பிள்ளையைத் தூக்காம இருக்கிறதுதான் பெரிய கஷ்டம், உக்காந்த பிறகு மடியில வச்சுக் குடுங்க. தூக்குனா தையல் போட்ட இடத்துல தசை விலகி குடல் பிதுங்குற ஹெர்னியா வரலாம், இந்த ஆப்பரேஷனுக்கு அப்புறம் அது சாதாரணமாவே நிறைய பேருக்கு வர்றது.

காயம் சிவந்து சீழ் வந்தா, காயத்துலருந்து திடீர்னு ரோஸ் கலர்ல தண்ணி நிறைய கொட்டுனா (உள்தையல் விடுற அறிகுறி அது), திரும்பக் காய்ச்சல் குளிர் வந்தா, வாந்தியோட வயிறு உப்பி காத்து நின்னுட்டா, கிளினிக் வேணாம், நேரா ஆப்பரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கே போங்க. உள்ள மிச்சம் இருந்த சீழ் கட்டி ரெண்டு வாரம் கழிச்சுக்கூட வெளிய தெரியலாம், குடல் ஒட்டிக்கிட்டு அடைக்கிறது வருஷக் கணக்குல கழிச்சும் வரலாம்.

அல்சர்காரங்களுக்கு ஓட்டையை அடைச்சதோட வேலை முடியல. கிருமி இருக்கான்னு பார்த்து இருந்தா மருந்து கோர்ஸை ஒரு வேளை விடாம முடிக்கணும், முடிச்சு நாலு வாரம் கழிச்சு மூச்சு டெஸ்ட் எடுத்து கிருமி போயிடுச்சான்னு உறுதி பண்ணணும், கேஸ்ட்ரிக் மாத்திரையை அந்த டெஸ்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க, இல்லன்னா டெஸ்ட் பொய் சொல்லும். இரைப்பையில இருந்த அல்சர்னா ஆறு எட்டு வாரம் கழிச்சு கேமரா விட்டுப் பார்க்கிறதும் முக்கியம், சிலருக்கு அது கேன்சரா இருக்கும். சிகரெட்டை விடணும். பெருங்குடல் வெடிச்சவங்களுக்கும் காயம் ஆறுனதும் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது) தேதி இருக்கான்னு கேட்டு வாங்கிக்கங்க. டிஸ்சார்ஜ் பேப்பரை போன்ல படம் எடுத்து வீட்டு குரூப்ல போட்டு வைங்க, அதுல என்ன ஆப்பரேஷன், எந்த இடம், எதை வெட்டுனாங்கன்னு இருக்கும், அடுத்த தடவை எந்த டாக்டர் பார்த்தாலும் முதல்ல கேக்கிறது அதுதான்.

அண்ணன் வீட்டு பிரிட்ஜ் கதவுல இப்ப ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம். சாப்பிடக் கூடாத வலி மாத்திரைப் பேரு எல்லாம் அண்ணி பெரிய எழுத்துல தமிழ்ல எழுதியிருக்காங்க, கீழ என் போன் நம்பர், அதுக்கும் கீழ 999.